கற்பனை நாட்டுக்கு அரசியலமைப்பு எழுத வேண்டுமா? சண்டையில் தொடங்குங்கள்

நவம்பர் வந்தால் குன்னூரில் விடாத மழை உண்டு. 26ஆம் தேதி அரசியலமைப்பு தினத்துக்குப் பள்ளியில் ஏதாவது ஒரு போட்டியும் உண்டு. போன வருடம் அண்ணன் மகளுக்கு வந்த தலைப்பு, ‘கற்பனை நாடு ஒன்றுக்கு அரசியலமைப்பு எழுதுக.’ அன்று மழை லீவு, கரண்டும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக் குமுட்டி அடுப்பைச் சுற்றி அவளும் அவள் தம்பியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும். “அத்தை, நீங்கதானே சமூக அறிவியல் டீச்சர்?” என்று நோட்டை என்னிடம் நீட்டினாள். அன்று செய்ததையே சொல்கிறேன்.

கொடி, தேசிய விலங்கு பக்கம் போகவே போகாதீர்கள். காட்டெருமையா கரடியா என்பதிலேயே எங்களுக்கு முக்கால் மணி நேரம் போய்விட்டது. முகவுரையையும் தள்ளிவையுங்கள். நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையே மற்ற பகுதிகளைப் பார்த்து முடித்த பிறகுதான் முகவுரையை எடுத்தது.

“உங்க நாட்டுல எதுக்குச் சண்டை வரும்?” என்று கேளுங்கள். எங்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடுப்போரம் யாருக்கு என்பதுதான். தம்பிக்காரன் உடனே எழுதினான்: ‘அனைவருக்கும் அடுப்பருகே உட்கார உரிமை உண்டு.’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இருப்பது மூன்று பேர் இடம். சரி, ‘இடம் இருந்தால்’ என்று சேர்த்தான். இடம் இல்லை என்று யார் சொல்வது? அக்காதான் சொல்வாளாம்! அடித்தோம். மூன்றாவது தடவை இப்படி வந்தது: ‘ஒவ்வொருவருக்கும் அடுப்பருகே உட்கார உரிமை உண்டு. இடம் போதாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை மாறி உட்கார வேண்டும். நனைந்து வந்தவருக்கு முதலிடம். வேறு எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் எழுப்பக் கூடாது.’

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நாளைக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நம் அரசியலமைப்பின் உறுப்பு 19-ம் இதே கட்டுமானம்தான். முதலில் சுதந்திரங்கள், அப்புறம் எந்தெந்தக் காரணத்துக்காக மட்டும் கட்டுப்படுத்தலாம், அதுவும் நியாயமான அளவுக்கு, என்று வரம்பு. வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர எடுக்க வேண்டிய ஊட்டி இ-பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடெங்கும் தடையின்றிப் போய்வர 19(1)(டி) உரிமை தருகிறது. பொதுநலன் கருதி அதைக் கட்டுப்படுத்த 19(5) இடம் தருகிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் கணக்கு வைத்தது. நீலகிரிப் பதிவான எங்கள் டி.என்.43 வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. சமவெளிக்காரர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

உரிமைகளைத் தனிப் பட்டியலாகத்தான் எழுத வேண்டும் என்றில்லை. 1787-ல் அமெரிக்கா எழுதிய அரசியலமைப்பில் அப்படியொரு பட்டியலே இல்லை. 1791-ல்தான் பத்துத் திருத்தங்களாக அது சேர்ந்தது. நாம் உள்ளேயே மூன்றாம் பகுதியாக வைத்துவிட்டோம்.

அடுத்து, உரிமை பறிபோனால் எங்கே போவது? இது எழுதாத உரிமை வெறும் அலங்காரம். உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போக வழிசெய்யும் உறுப்பு 32-ஐ அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்னார். எங்கள் நாட்டில் பாட்டியை நீதிபதியாக்கினார்கள். ஆனால் அடுப்போரத்தில் நிரந்தர இடம் பாட்டிக்குத்தான்! தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லலாமா? மங்கி தொப்பியும் இரண்டு ஸ்வெட்டருமாக அடுப்புப் பக்கமே வராத பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பதவி போனது. பாட்டி அன்று யாருக்கும் காபி போடவில்லை.

திருத்தும் வழியை எழுதும்போது தலையை எண்ணுங்கள். நான்கு பேர் நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் மூன்று பேர். அந்த மூன்று பேர் சேர்ந்தால் நான்காமவனின் முறையை ஒரேயடியாக எடுத்துவிடலாம். நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை அல்ல என்று 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 7-க்கு 6 என்ற நீதிபதிகள் கணக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் இந்த மாதிரி பயத்தினால்தான். ஆகவே ‘முறை வைத்து உட்காரும் உரிமையை எத்தனை பேர் சேர்ந்தாலும் நீக்க முடியாது’ என்று ஒரு வரி.

நீளம்? நம்முடையது தொடங்கும்போதே 395 உறுப்புகள். பள்ளிக்குப் பன்னிரண்டு போதும்.

எழுதி முடித்ததும் வீட்டிலேயே சேட்டை அதிகமுள்ள பிள்ளையிடம் கொடுத்து ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் தம்பிக்காரன் ஒருமுறை வாசித்தான், கதவைத் திறந்தான், மழையில் இரண்டு நிமிடம் நின்றான், சொட்டச் சொட்ட வந்து அடுப்போரம் உட்கார்ந்துவிட்டான். “நனைந்து வந்தவருக்கு முதலிடம், பாருங்க அத்தை.”

‘வேண்டுமென்றே நனைந்தவர் நீங்கலாக’ என்பது முதல் திருத்தம். நான்கில் மூன்று வாக்கில் நிறைவேறியது.