இன்டர்கூலர் பைப் மாற்றுமுன், மாற்றும்போது

பைப்பை மட்டும் மாற்றினால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். டர்போ அழுத்தித் தள்ளும் காற்றைக் கசியாமல் கொண்டுசேர்ப்பதுதான் பைப்பின் வேலை. கம்பெனி பைப் நல்ல நிலையில் இருக்கிறது, பூஸ்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றவில்லை என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தாலோ, பிளாஸ்டிக் பைப் மடிப்பில் கீறல் விட்டிருந்தாலோ, இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து பூஸ்டை ஏற்றியிருந்தாலோ மாற்றலாம். ஏலகிரி ஏறும்போது இழுவை குறைந்து, உஸ்ஸென்று சத்தம் வந்து, ஸ்கேனரில் பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 கோடும் விழுந்தால் முதலில் ஹோஸைச் சந்தேகியுங்கள். டர்போ மேல் பழி போடுவது அப்புறம்.

கழற்றும்போது உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பதற வேண்டாம். இன்ஜின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் எண்ணெய் ஆவி, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குத் திரும்புவதால் வருவது அது. இன்டர்கூலரைச் சாய்த்ததும் எண்ணெய் கொட்டினால்தான் டர்போவுக்குள் எண்ணெயைத் தடுக்கும் சீலைப் பார்க்க வேண்டும்.

அளவில்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். 1.5 லிட்டர் வரையுள்ள இன்ஜினுக்கு 2 அங்குலம் தாராளம், 2 லிட்டருக்கு 2.5 அங்குலம். 2.5 அங்குல பைப்பின் உள்விட்டம் 60 மி.மீ. இருந்தால் ஒரு மீட்டரில் 2.8 லிட்டர் காற்று நிற்கும், 3 அங்குல பைப்பில் அது 73 மி.மீ. ஆனால் 4.2 லிட்டர். அத்தனையையும் நிரப்பிய பிறகுதான் பூஸ்ட் ஏறும், அதனால் சின்ன இன்ஜினில் 3 அங்குல பைப் போட்டால் மிதித்த பிறகு காத்திருக்க வேண்டிவரும்.

அலுமினியம் என்றால் சுவர் 1.5 முதல் 2 மி.மீ. இருக்கட்டும். அதை வெல்ட் செய்ய ஏசி மின்சாரத்தில் ஓடும் டிக் (TIG) வெல்டிங் மெஷின் வேண்டும். பட்டறையில் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைக்கு ஆள் கிடைப்பது எளிது. 304 எஸ்.எஸ்., 1.5 மி.மீ. சுவரும் நன்றாக உழைக்கும், ஆனால் அதே அளவு அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு கனம். நீளமான பைப்புக்கு இரண்டு இடத்திலாவது ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட் கொடுங்கள்.

இனி வருவதுதான் முக்கியம்: ஹோஸ் நழுவாதபடி பைப் முனையைச் சுற்றி வளையமாக ஒரு மேடு. 63 மி.மீ. (2.5 அங்குல) விட்டத்தில் 1.5 பார் பூஸ்ட் வந்தால், வளைவிலுள்ள இணைப்பைப் பிய்த்துத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 48 கிலோ. வழவழப்பான பைப்பில் எந்தக் கிளாம்பையும் இதற்கு நம்ப முடியாது. இந்த மேட்டை எழுப்பும் பீட் ரோலர் இல்லாத பட்டறை என்றால், முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளி 2 மி.மீ. உயரத்துக்கு வெல்ட் வளையம் ஓட்டி, ஹோஸைக் கிழிக்காதபடி அரத்தால் கூரை மழுக்கச் சொல்லுங்கள். கிளாம்ப் மேட்டின் மேல் உட்காரக் கூடாது, அதைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும்.

ஹோஸ் 4 அடுக்கு சிலிக்கான். மே மாதம் 42 டிகிரி வெயிலில், 1 பார் பூஸ்டில், டர்போவை விட்டு வரும் காற்று 130–140 டிகிரி இருக்கும். காட்பாடி பாலத்து நெரிசலில் நின்றால் பானெட்டுக்குள் இருக்கும் சூடும் சேரும். சாதாரண சிலிக்கான் சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. ஆகவே டர்போ பக்க ஹோஸ் மட்டுமாவது எண்ணெயைத் தாங்கும் ஃப்ளூரோ லைனிங் (உள்பூச்சு) உள்ளதாக வாங்குங்கள்.

கிளாம்பை பைப் அளவுக்கு வாங்குவது வழக்கமான தப்பு. 63 மி.மீ. பைப், இருபுறமும் 5 மி.மீ. ஹோஸ் தடிமன், ஆக மொத்தம் 73 மி.மீ.; அதற்குப் பொருந்தும் டி-போல்ட் கிளாம்ப் (போல்ட்டால் இறுக்கும் அகலப் பட்டை) கேளுங்கள். பட்டையின் ஓரத்தில் சிலிக்கான் பிதுங்கினால் முறுக்கியது அதிகம்.

முதலில் எல்லாவற்றையும் தளர்வாகப் பொருத்தி, மார்க்கரால் கோடு போடுங்கள். ஹோஸுக்குள் பைப் 25–30 மி.மீ. நுழைய வேண்டும். இரண்டு பைப் முனைகளுக்கிடையே சிறு இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் ஆடும்போது இரும்போடு இரும்பு முட்டும். ஃபேன், பெல்ட், பாடி எதிலிருந்தும் குறைந்தது 15 மி.மீ. தள்ளியிருக்கட்டும். காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பைப்பில் இருந்தால் பழைய இடத்திலேயே, இன்டர்கூலருக்குப் பிறகு, அதை மாட்டும் பாஸை (சிறு தாங்கி) வெல்ட் செய்து புது ஓ-ரிங் போடுங்கள்.

வெல்ட் முடிந்த பைப்பை அப்படியே மாட்டாதீர்கள். உள்ளே ஒட்டிய அலுமினியத் துருவல் சிலிண்டருக்குத்தான் போகும். பிரஷ் விட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசி, காற்றடித்து, வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். மாட்டும் முனைகளை பிரேக் கிளீனரால் துடைத்து, எண்ணெய் தடவாமல் ஏற்றுங்கள்.

சோதனைக்கு லேத்தில் மேடு வைத்த அலுமினிய அடைப்பான் இரண்டு கடைந்து, ஒன்றில் டியூப்லெஸ் வால்வு மாட்டுங்கள். பி.வி.சி. மூடி வேண்டாம், வெடித்தால் சில்லு பறக்கும். டர்போ முனை, த்ராட்டில் முனை இரண்டையும் அடைத்து, ரெகுலேட்டர் வைத்து உங்கள் பூஸ்ட் அளவுக்கு மட்டும் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அடைப்பானுக்கு நேரே நிற்காதீர்கள். அந்த இரு முனை இணைப்புகள் மட்டும் இந்தச் சோதனையில் சேராது. மாட்டிய பிறகு அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

முதல் சில சூடு–ஆறல்களில் சிலிக்கான் கொஞ்சம் அமுங்கும். ஆம்பூர் வரை ஒருமுறை போய் வந்து, இன்ஜின் ஆறியதும் எல்லாக் கிளாம்பையும் மறுபடி முறுக்குங்கள். மார்க்கர் கோடு நகர்ந்திருந்தால் அந்த இணைப்பைக் கழற்றி மேட்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும்.