செயற்கைத் தோலில் சன்ஸ்கிரீன் சோதனை: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

சன்ஸ்கிரீன் டியூபில் பார்க்கும் எஸ்.பி.எஃப். எண் (வெயிலில் தோல் சிவக்காமல் எவ்வளவு காக்கும் என்ற அளவு), பெரும்பாலும் மனிதர்களின் முதுகில் க்ரீமைத் தடவி, புற ஊதா விளக்கைக் காட்டி, எந்த அளவு ஒளியில் தோல் சிவக்கிறது என்று பார்த்து எடுத்தது. புதிதாகக் கலக்கும் ஒவ்வொரு க்ரீமுக்கும் ஒருவர் முதுகைச் சிவக்க வைப்பது நியாயமில்லை. அதனால் முதல் சுற்றுச் சோதனைகளைச் செயற்கைத் தோலில் செய்கிறோம். இங்கே நான் சொல்வது விட்ரோ-ஸ்கின் என்ற மெல்லிய தாளை வைத்துச் செய்யும் முறை. மேல்தோலின் மேடுபள்ளம், அமிலத்தன்மை, க்ரீம் பரவும் விதம் எல்லாம் நிஜத் தோலைப் போல இருக்கும்படி செய்திருப்பார்கள்.

முந்தின நாளே தொடங்குங்கள்

தாளைக் கையுறை போட்டே எடுக்கவும். விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் அளவு மாறிவிடும். 6.5 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். சொரசொரப்பு மேலே வர வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூடியுள்ள ஒரு டப்பாவின் அடியில் சுமார் 15 சதவீதம் கிளிசரின் கலந்த தண்ணீரை ஊற்றி, அதற்கு மேலே தட்டு வைத்து, தாள்களை அதில் பரப்பி மூடிவிடுங்கள். 16 முதல் 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வெறும் தண்ணீர் வைத்தால் தாள் அளவுக்கு மீறி ஊறிவிடும், அதைத் தடுக்கத்தான் கிளிசரின். ஊறாத தாள் விறைப்பாக நிற்கும், க்ரீம் அதன்மேல் சரியாகப் பரவாது.

தடவுவதுதான் சோதனை

கணக்கு எளிது: சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். மனிதர்கள்மேல் செய்யும் சோதனையிலும் இதே அளவுதான். தாளின் விளிம்பை விட்டு, 6-க்கு 8 செ.மீ. பரப்பில் தடவுவது என்றால் 48 சதுர சென்டிமீட்டர், அதாவது 96 மில்லிகிராம். சிரிஞ்சில் எடுத்து, பரப்பு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வையுங்கள். நடுவில் ஒரே குவியலாக வைத்துவிட்டு இழுக்காதீர்கள்.

விரலுக்கு ரப்பர் உறை மாட்டி, அந்த உறையில் அதே க்ரீமை லேசாகப் பூசித் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாளில் இருக்க வேண்டிய க்ரீமை உறை எடுத்துக்கொள்ளும். முதலில் அழுத்தாமல் வட்டம் வட்டமாகப் பரப்புங்கள். அப்புறம் கொஞ்சம் அழுத்தி, மேலும் கீழுமாக, பிறகு பக்கவாட்டில் தேயுங்கள். ஓரங்களை மறக்க வேண்டாம்.

இதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். எஸ்.பி.எஃப். 50 என்றால், தோலைச் சிவக்க வைக்கும் ஒளியில் 2 சதவீதம் மட்டும் உள்ளே போகிறது. தடவும்போது பரப்பில் 1 சதவீதம் மட்டும் வெறுமையாக விட்டுப்போனது என்று வையுங்கள். அந்த இடத்தில் ஒளி முழுசாக நுழையும். மொத்தம் உள்ளே போவது கிட்டத்தட்ட 3 சதவீதம் ஆகிவிடும். 50 என்று வர வேண்டிய எண் 34-க்கு வந்து நிற்கும். க்ரீமில் ஒரு குறையும் இல்லை, கைதான் தவறியது. நான் பழகும்போது ஒரே க்ரீமை மூன்று தாளில் தடவி மூன்று விதமான எண் எடுத்திருக்கிறேன். மூன்றும் ஒட்டி வரும்வரை புது க்ரீமைத் தொடாதீர்கள். இதே காரணத்துக்காகத்தான் பல ஆய்வகங்கள் தடவும் வேலையை ரோபோ கைக்குக் கொடுத்துவிட்டன.

உலர வைத்து அளப்பது

தாளை ஸ்லைடு சட்டத்தில் மாட்டி 15 நிமிடம் உலர விடுங்கள். க்ரீம் தடவாத ஒரு தாளையும் அதே மாதிரி சட்டத்தில் மாட்டி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது என்று அளக்கும் கருவி) முதலில் அதை வைத்துப் பூஜ்ஜியம் செய்யுங்கள். பிறகு க்ரீம் தாளை வைத்து 290 முதல் 400 நானோமீட்டர் வரை அளக்கவும். ஒரு தாளில் ஐந்தாறு இடமாவது பாருங்கள். இடத்துக்கு இடம் எண் தாவினால், சரி, மறுபடி தடவ வேண்டியதுதான்.

எஸ்.பி.எஃப். கணக்கை மென்பொருளே போட்டுவிடும். கூடவே இன்னொரு எண்ணையும் பாருங்கள். 290-இலிருந்து எந்த அலைநீளம் வரும்போது மொத்தத் தடுப்பில் 90 சதவீதம் முடிகிறது என்பது அது. அது 370 நானோமீட்டராவது இருந்தால்தான் அமெரிக்காவில் லேபிளில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்', அதாவது புற ஊதா ஏ, பி இரண்டையும் தடுக்கும், என்று போட முடியும். எஸ்.பி.எஃப். பெரிதாக வந்தும் இதில் தோற்கும் க்ரீம்கள் உண்டு.

தோலைப் பழுப்பாக்கும் க்ரீம் என்றால்

தாளை ஊற வைப்பது, தடவுவது எல்லாம் இதே மாதிரிதான், காத்திருக்கும் நேரம்தான் வேறு. இந்த க்ரீம்களில் வேலை செய்வது டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்ற சர்க்கரை. தோலின் மேலடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து அது பழுப்பாகும். தோசை சிவக்கும்போது நடக்கும் வினையும் இந்த வகைதான். சன்ஸ்கிரீன் சோதனைக்கு இந்தத் தாளுக்குப் பதிலாகப் பயன்படும் அக்ரிலிக் தட்டில் புரதம் இல்லாததால் அங்கே நிறம் ஏறாது. விட்ரோ-ஸ்கின்னில் புரதம் உண்டு, ஏறும். தடவும் முன்பும், 24 மணி நேரம் கழித்தும் நிறமானியில் (நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவி) அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். திட்டுத் திட்டாக வந்தால் கண்ணுக்கே தெரியும், அதைப் படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, பழுப்பேறிய அந்தத் தாளையும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து அளந்துவிடுங்கள். இந்தப் பழுப்பு மனிதத் தோலுக்குத் தரும் காப்பு எஸ்.பி.எஃப். 3, 4 அளவுதான். நிறம் வந்துவிட்டதே, வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்பி வெளியே போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் நிற அளவுக்குப் பக்கத்திலேயே அந்தத் தாளில் அளந்த எஸ்.பி.எஃப். எண்ணையும் எழுதுங்கள்.