ரெசிடென்ட் ஈவில் (1996): முதல் ஆட்டத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஜாம்பிகள் (நடமாடும் பிணங்கள்) உலவும் மாளிகையில் நடக்கும் திகில் வீடியோ கேம் இது. கேப்காம் 1996-இல் பிளேஸ்டேஷனில் வெளியிட்ட இந்த முதல் ரெசிடென்ட் ஈவில் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது என்றால், காரணம் அதன் பற்றாக்குறைதான். தோட்டா, மூலிகை, சேவ் எல்லாமே அளவோடுதான் கிடைக்கும். புதிர்களுக்கு விடை தேடாதீர்கள். அது ருசியைக் கெடுத்துவிடும். இந்த அடிப்படைகள் போதும்.

ஜில், கிறிஸ் என்ற இரு பாத்திரங்களில் ஒருவராக ஆடலாம். முதலில் ஜில்லை எடுங்கள். அவள் 8 பொருள் சுமப்பாள், பூட்டைத் திறக்கும் கருவியும் வைத்திருப்பாள். கிறிஸுக்கு 6 இடம்தான். அடி அதிகம் தாங்குவான், ஆனால் சின்னச் சாவிகளைத் தேடி அலைய வேண்டும்.

மேல் பட்டனை அழுத்தினால் பாத்திரம் தன் முகம் பார்க்கும் திசையில் நடக்கும். இடம், வலம் அழுத்தினால் நின்ற இடத்திலேயே திரும்பும். கேமரா சட்டென்று மாறினாலும் நடை திசை மாறாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. சட்டென்று பின்னால் திரும்பும் வசதி இதில் இல்லை. அதனால் ஓடுவதா, சுடுவதா என்பதை ஜாம்பி நெருங்குமுன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அடிக்கடி நடக்கவேண்டிய குறுகிய நடைபாதை என்றால் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். ஒருமுறை மட்டும் போகும் அகலமான அறையில் சுற்றிக்கொண்டு ஓடுங்கள். ஜாம்பி விழுந்ததும் சுடுவதை நிறுத்திவிட்டுத் தரையைக் கவனியுங்கள். உடலடியில் ரத்தம் குளமாகப் பரவினால் செத்துவிட்டது. பரவாவிட்டால் எழுந்து வரும், அல்லது பக்கத்தில் போனதும் காலைக் கவ்வும். ஷாட்கன் கிடைத்தபின், கைக்கெட்டும் தூரம்வரை வரவிட்டு, துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்துச் சுடுங்கள். ஒரே தோட்டாவில் தலை சிதறும். பதறி முன்கூட்டியே சுட்டால் இரண்டு மூன்று தோட்டா வீண்.

சிவப்பு மூலிகை தனியாக எதற்கும் உதவாது. ஒரு பச்சையோடு கலந்தால் உடல்நிலை முழுதாகத் தேறும். மூன்று பச்சையைக் கலந்தாலும் அதே பலன். நீலம் விஷத்துக்கு. கலந்தபின் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும் என்பதால் பையில் இடம் மிச்சமாகும். பொருள் சேமிக்கும் பெட்டி ஒன்றில் வைத்ததை வேறு அறைப் பெட்டியிலும் எடுக்கலாம். எனவே கிளம்பும்போது மூன்று இடமாவது காலியாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் சாவியைக் கண்டும் எடுக்க முடியாமல் திரும்பி நடக்க நேரிடும்.

டைப்ரைட்டரில் ஒவ்வொரு சேவுக்கும் ஒரு ரிப்பன் செலவாகும். முக்கியமான பொருள்கள் இரண்டு மூன்று சேர்ந்தபின் சேவ் செய்யுங்கள்.

2002-இல் வந்த கேம்கியூப் மறுஆக்கத்துக்கான குறிப்புகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தலை தப்பிய பிணத்தை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காவிட்டால் மூர்க்கமாக எழுந்து வருவது அதில் மட்டும்தான்.

ஷாட்கன் தோட்டாக்களை ஜாம்பிகள்மேல் தீர்த்துவிடாதீர்கள். காவலர் விடுதியை முடித்து மாளிகைக்குத் திரும்பும்போது ஹன்டர்கள் என்ற கொடிய அரக்கப் பிராணிகள் வந்திருக்கும். உடல்நிலை மோசமாக இருந்தால், பாய்ந்து ஒரே வீச்சில் தலையைக் கொய்துவிடும். அங்கே கைத்துப்பாக்கி எடுபடாது.