பவர் டூல்ஸை லொறியில் மட்டக்களப்புக்கு அனுப்புவது எப்படி?

கொழும்பு குவாரி வீதியில் வாங்கும் ட்ரில்லோ கிரைண்டரோ, ஹபரணை, பொலன்னறுவை தாண்டி மட்டக்களப்பு வந்து சேருவதற்குள் பல கை மாறும். லொறியில் அதன் மேல் என்ன ஏறும் என்பது நம் கையில் இல்லை. பெட்டி கட்டுவது மட்டும்தான் நம் கையில்.

முதலில் கழற்றுங்கள். ட்ரில்லில் பிட்டை (துளை போடும் முனையை) விட்டு வைத்தால், பெட்டி விழும் அடி நேரே அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் இறங்கும். கிரைண்டர் டிஸ்க்கைத் தனியாக, இரண்டு மட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். கீறல் விழுந்த டிஸ்க் சுற்றும்போது சிதறி உயிரையே எடுத்துவிடும். சுவரில் மட்டக் கோடு காட்டும் லேசர் லெவல் இருந்தால் அதன் பெண்டுலம் பூட்டைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தொங்கும் பகுதி வழியெல்லாம் அடிபட்டு, கோடு சாய்ந்து விழும்.

பற்றரியையும் கழற்றி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பற்றரி என்றால் அதில் 90 வாட் மணி சக்தி. ஒரு ஆணி இரண்டு முனையிலும் பட்டாலே தீப்பிடிக்கலாம். பற்றரி இருப்பதை லொறிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வீங்கியதை அனுப்பவே வேண்டாம்.

அப்புறம் பெட்டி. டூலை அதன் கேஸோடு பெரிய மட்டைப்பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவர நாலு விரல் இடைவெளியில் கசக்கிய பேப்பரை இறுக்கித் திணியுங்கள். மூடித் தூக்கி ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கேட்டால் பெரும்பாலும் சக்கை இறுக்கும் சக் சாவிதான்; அதைக் கேஸோடு சேர்த்துக் கட்டுங்கள். சத்தம் நிற்கும்வரை திணிக்க வேண்டும். 'இந்தப் பக்கம் மேலே' என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், ஏற்றி இறக்கும் நாட்டாமைமாருக்கு அதுதான் உதவும்.

சாமான் வந்ததும் லொறி போகுமுன் திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் அங்கேயே படம் எடுத்து, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சரி, இனி வைப்பது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. நம் ஊர் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் கறள் பிடிக்கும். நனைந்த மட்டைப்பெட்டியை அன்றே எறிந்துவிடுங்கள். சக்கை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கேஸுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், மாரியில் தரை ஈரம் கசியும். பற்றரியைப் பாதி சார்ஜில், தகரக் கூரைச் சூடு படாத இடத்தில் வையுங்கள். டிஸ்க்கின் நடு வளையத்தில் அச்சடித்திருக்கும் காலாவதித் திகதி தாண்டியிருந்தால், புதிதாகத் தெரிந்தாலும் மாட்டாதீர்கள்.