ஏர் பிஸ்டல்ல வெளியில வாங்குன பார்ட்ஸ் மாட்டுனப்பறம் சேஃப்டி நிக்கலையா? எங்கெங்க பாக்கணும்னு சொல்றேன்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஏர் பிஸ்டல் பழகுற பசங்க இப்பல்லாம் ஆன்லைன்ல ட்ரிகர், ஸ்பிரிங், கிரிப்னு வாங்கி தாங்களே மாட்டிக்கிறாங்க, மாட்டி முடிச்சதும் "அண்ணா சேஃப்டி போட்டாலும் சுடுது", "லீவர மூடும்போதே டப்புனு போவுது"ன்னு கேக்குறாங்க. சேஃப்டின்னா தப்பித்தவறி சுடாம தடுக்குற லாக், லீவர்னா பெல்லட் (ஈயக் குண்டு) வைக்க திறந்து மூடுறது. இது 4.5 எம்எம் ஏர் பிஸ்டலுக்கு மட்டும்தான். லைசென்ஸ் பிஸ்டல் வச்சிருக்கவங்க இத படிச்சுட்டு ஸ்க்ரூ டிரைவர எடுத்துடாதீங்க, 1959 ஆயுதச் சட்டத்துல 5ஆம் பிரிவுப்படி ரிப்பேர் பண்ணவே லைசென்ஸ் வேணும், அது உள்ளவங்ககிட்டயே கொண்டு போங்க.

மொதல்ல பெல்லட் டப்பாவ வேற ரூம்ல வச்சுருங்க. மொனை எப்பவும் மண்ணு மூட்டை பக்கம். காத்து சிலிண்டர் மாடலா இருந்தா சிலிண்டர கழட்டிடுங்க, ஆனா கழட்டிட்டோம்னு நம்பிடக்கூடாது, உள்ள ரெகுலேட்டர்ல கொஞ்சம் காத்து நிக்கும், காத்து போற சத்தம் நிக்குற வரைக்கும் மூட்டைய பாத்து ட்ரிகர அமுக்கி காலி பண்ணுங்க.

நான் மொதல்ல சந்தேகப்படறது கிரிப்பத்தான், ட்ரிகர இல்ல. புது கிரிப்போட வர்ற ஸ்க்ரூ பழசவிட ஒரு நூல் நீளமா இருந்தா அதோட முனை உள்ள போயி ட்ரிகர் பார்லயோ ஸ்பிரிங்லயோ முட்டும், சில நேரம் கட்டையே சேஃப்டி லீவர முழுசா போக விடாது. ரெண்டு ஸ்க்ரூவயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. கிரிப்ப கழட்டிட்டு சேஃப்டிய போட்டு பாருங்க, அப்ப நல்லா வேலை செஞ்சா திருடன் கிரிப்புதான்.

கிரிப்பு இல்லன்னா சியர். ட்ரிகர அமுக்குனா உள்ள போயி அடிக்கிற சுத்தியல, அதுவரைக்கும் புடிச்சு நிறுத்துற கொக்கி அது, அதோட புடிமானம் ரொம்ப கம்மியா செட் பண்ணிட்டா லீவர மூடுற அதிர்ச்சிக்கே விட்டுரும். காத்து காலியான பிஸ்டல காக் பண்ணி (அதாவது சுடுறதுக்கு தயாரா இழுத்து வச்சு) பக்கவாட்டுல உள்ளங்கையால நல்லா தட்டுங்க, உள்ள டக்குனு விழுற சத்தம் கேட்டா அத வச்சு சுடவே கூடாது, மேனுவல்ல இருக்க ஃபேக்டரி செட்டிங்குக்கு திருப்புங்க. அதுக்கும் நிக்கலன்னா பழைய ட்ரிகரயே மாட்டிருங்க. ஓசூர்ல லேத்துக்கு பஞ்சமில்ல, அதுக்குன்னு சியர கொண்டு போயி லேசா தேய்ச்சு குடுங்கன்னு கேக்காதீங்க, மேல் தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்தியிருப்பாங்க பல பார்ட்ஸ்ல, அது போயிட்டா கொஞ்ச நாள்லயே வழுக்கி பழைய கதைதான்.

ட்ரிகர் ரொம்ப லேசா போச்சான்னு பாக்க அதுக்குன்னு தனி தராசெல்லாம் தேடி அலைய வேணாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டில ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் தாங்கணும். பாட்டில்ல தண்ணி ஊத்தி, பாட்டிலோட சேத்து மளிகைக்கடை தராசுல 500 கிராம் வர்ற மாதிரி பண்ணி, கயித்துல ட்ரிகர் நடுவுல மாட்டி, காலி பிஸ்டல காக் பண்ணி, இந்த டெஸ்டுக்கு மட்டும் மொனைய மேல பாத்து மெதுவா தூக்குங்க. தூக்கும்போதே விட்டுருச்சுன்னா போட்டிக்கும் ஆவாது, பாதுகாப்புக்கும் ஆவாது.

பேரல் மடக்குற ஸ்பிரிங் மாடல் தனி ஜாதி. இத பெல்லட் இல்லாம சுட்டா பிஸ்டன் போயி அடிச்சு கெட்டுப்போவும், அதனால சேஃப்டி டெஸ்ட ரேஞ்ச்ல பெல்லட் போட்டே மூட்டைய பாத்து பண்ணுங்க. பேரல் திறந்திருக்கும்போது ட்ரிகர்ல விரல் வேணவே வேணாம், பெல்லட் வைக்கும்போது பேரல ஒரு கையால இறுக்கி புடிச்சுக்கோங்க, சியர் வழுக்குனா பேரல் மூடிக்கிற வேகத்துல விரல் போயிரும். பவர் ஸ்பிரிங்னு விக்கிறத போட்டா சியர் மேல பளுவும் ஏறும், பெல்லட் வெளிய போற சக்தி 20 ஜூல் தாண்டுனா லைசென்ஸ் விஷயமும் வந்துரும். மாந்தோப்புல கிளி, மயிலு விரட்டத்தான் பவர் வேணும்ங்கறவங்களுக்கு, அது வனவிலங்கு சட்டத்துல கேஸ், ஸ்பிரிங் பிரச்சனையே இல்ல. ஸ்பிரிங்க க்ளாம்ப் இல்லாம கழட்டுனா மூஞ்சிக்கே வரும், தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

சிலிண்டர் வாய்ல காத்து கசிஞ்சா சோப்புத்தண்ணி தடவி பாருங்க. ஓ ரிங்குக்கு (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் மட்டும், வண்டி ஆயில் வேணாம், 200 பார் அழுத்தத்துல எண்ணெய் பத்திக்க வாய்ப்பிருக்கு. சிலிண்டர் தயாரிச்சு 10 வருஷம் தாண்டிருச்சான்னும் அப்படியே பாத்துக்கோங்க.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பார்ட்ட மட்டும் மாத்தி மாத்தி டெஸ்ட் பண்ணுங்க, எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிட்டு எது கெடுத்துச்சுன்னு கண்டுபுடிக்கவே முடியாது. எல்லாம் நின்னப்பறம் ஸ்க்ரூ தலைலயும் பாடிலயும் சேத்து நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டு வைங்க, ஒரு டப்பா பெல்லட் தீர்ந்ததும் கோடு விலகியிருக்கான்னு பாத்து தட்டுற டெஸ்ட இன்னொரு தடவை பண்ணிருங்க.