கியூரேட்டருக்கு உங்கட வேலையைக் காட்டுறது எப்பிடி

படம் கீறுற யாழ்ப்பாணத்துப் பிள்ளையள், கியூரேட்டர், அதாவது கண்காட்சிக்குப் படங்களைத் தெரிஞ்சு அடுக்கிறவர், சும்மா சுவரில ஆணி அடிக்கிற ஆள் எண்டு நினைக்காதேங்கோ, எந்தப் படத்துக்குப் பக்கத்தில எது வரோணும் எண்டு அவை எடுக்கிற முடிவிலதான் ஒரு ஊரின்ர கலையை வெளியாக்கள் எப்பிடிப் பாக்கினம் எண்டதே கனக்கத் தங்கியிருக்கு. கொழும்பில 2019இல திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின்ர தலைமைக் கியூரேட்டரா வந்த ஷர்மினி பெரேரா, அதுக்கு முதலே யாழ்ப்பாணத்தில சமகாலக் கலைக்கு ஆவணக்காப்பகம் தொடங்கினவ.

சரி, செய்யவேண்டியது. நீங்கள் கீறின படங்களில பத்துப் பன்னிரண்டைப் பகல் வெளிச்சத்தில நேரா நிண்டு போட்டோ எடுங்கோ, பிளாஷ் வேண்டாம், எண்ணெய் வர்ணம் மினுங்கிக் கெடுத்துப்போடும். அளவு, ஊடகம் (எதால கீறினது எண்டு), வருசம் கட்டாயம். விளக்கம் நாலு வரி காணும். சும்மா "போரின் வலி" எண்டு எழுதினா ஆர் வாசிக்கிறது, எந்த ஒழுங்கை, ஆற்ற வீட்டுக் கதவு எண்டு எழுதுங்கோ. இதுகளைக் கியூரேட்டருக்கு அனுப்பினாலும் பதில் சுணங்கும், அதுக்கிடையில புதுப் படம் முடிஞ்சா அதையும் அனுப்புங்கோ.