சபையிலயோ குடும்பத்துலயோ ‘நீ வேண்டாம்’னு ஒதுக்கிட்டா, அந்த வலியோட விசுவாசத்துல எப்படி வளர்றது

சர்ச்ல முதல் ஓலை (கல்யாணத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமைகள்ல வாசிக்கிற அறிவிப்பு) வாசிச்ச பிறகுதான் என் கல்யாணம் நின்னுச்சு. மாப்பிள்ளை வீட்ல வேண்டாம்னுட்டாங்க, காரணம் கூட சரியா சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க சபை போதகர் ஐயர் மத்தவங்க ஓலைய வாசிச்சாரு, எங்க பேரு வரல, அப்படியே அடுத்த அறிவிப்புக்கு போயிட்டாரு, நான் பாட்டுப் புஸ்தகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏழு வருஷம் ஆச்சு. இப்ப அதே மாதிரி வலியில இருக்கவங்களுக்காக எனக்கு உதவுனத எழுதுறேன்.

முதல்ல, அவசரப்படாதீங்க. ஆராதனை முடிஞ்சு வாசல்லயே மூணு பேர் என்கிட்ட ‘எல்லாம் நன்மைக்கே, யோசேப்ப பாரு’ன்னு சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்து நிஜமாவே ஆதியாகமத்துல யோசேப்பு கதைய உக்காந்து படிச்சேன். அண்ணன்மாரு அவர குழியில போட்டு வித்தப்ப வயசு 17, பார்வோன் முன்னாடி நின்னப்ப 30, அப்புறம் ஏழு வருஷம் செழிப்பு, ரெண்டு வருஷம் பஞ்சம், அதுக்கப்புறம்தான் ‘தேவன்தான் என்னை முன்னாடி அனுப்புனாரு’ன்னு அழுதுகிட்டே சொல்றாரு, அதாவது 22 வருஷம் கழிச்சு. எல்லாரும் சொல்ற அந்த ‘தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ வசனம் அப்பா செத்த பிறகு வருது, அதுக்கு இன்னும் 17 வருஷம் ஆகியிருக்கு. யோசேப்புக்கே அவ்வளவு காலம் ஆச்சு, உங்களுக்கு ஒரே வாரத்துல அந்த வசனம் வாயில வரலேன்னா அது அவிசுவாசம் கிடையாது.

அதுவரைக்கும் என்ன ஜெபிக்கிறது? சங்கீதம் 55 எடுத்து சத்தமா வாசிங்க, எதிரி செஞ்சிருந்தா தாங்கியிருப்பேன், கூட ஒண்ணா ஆலயத்துக்கு வந்த நீயே செஞ்சிட்டியேன்னு தாவீது புலம்புவாரு. அதுவும் ஆறுதலா இல்லேன்னா 88, அது கடைசி வரி வரைக்கும் இருட்டாவே முடியும், எனக்கு ஒரு மாசம் அது மட்டும்தான் ஜெபமா இருந்துச்சு. இந்த மாதிரி புலம்பலும் வேதத்துல ஜெபமாத்தான் இருக்கு. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்குல போச்சுன்னா டாக்டர்கிட்டயும் போங்க, போனா விசுவாசம் கொறஞ்சிடாது.

அடுத்து ஒரு நோட்ல, ஒதுக்குனதுனால உங்க மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குற அந்த ஒரு வரிய எழுதுங்க. என்னோடது ‘என்னை யாரும் வேணும்னு நினைக்க மாட்டாங்க’. எழுதிட்டு ஆதியாகமம் 29ல லேயாள படிங்க. புருஷன் யாக்கோபுக்கு அவ வேண்டாதவ. ரூபன் பொறந்ததும் இனி என் புருஷன் என்னை நேசிப்பார்ங்கிறா, சிமியோன் பொறந்தப்பவும் மனசு அங்கயேதான், லேவி பொறந்தப்ப இப்பவாவது என்னோட சேர்ந்திருப்பார்ங்கிறா, நாலாவதா யூதா பொறந்தப்ப மட்டும் யாக்கோபப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ‘இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்’. அவ நிலைமை ஒண்ணும் மாறல, அவ பார்வை எங்க இருந்துச்சோ அது மாறுச்சு. இயேசு வந்தது அந்த யூதா வம்சத்துலதான். நான் இப்பவும் சில மாசம் லேவி வரைக்கும்தான் போயிருக்கேன்னு தோணும், அப்ப அந்த நோட்ட எடுத்து திரும்ப எழுதுவேன்.

நம்ம பக்கம் தப்பு இருந்துச்சான்னும் பாக்கணும், ஆனா கொஞ்சம் அழுது முடிச்ச பிறகு. பவுலோடயும் பர்னபாவோடயும் ஊழியத்துக்குப் போன மாற்கு, பம்பிலியாவுல அத பாதியில விட்டுட்டு போனவரு, அதனாலதான் பவுல் அடுத்த தடவை கூட்டிட்டு போக மாட்டேன்னாரு, ஆனா பர்னபா மாற்குவ தன்னோட சீப்புரு தீவுக்கு கூட்டிட்டு போனாரு. உங்களுக்கும் ஒரு பர்னபா வேணும், தப்ப தப்புன்னு சொல்லிட்டு கூடவே நடக்குற ஒரே ஒரு ஆள் போதும். ஜெபக்கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து சாட்சியா சொல்லணும்னு இல்ல, அது பிறகு.

மன்னிப்புதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. 2 தீமோத்தேயு 4 உதவுச்சு, ஒரே அதிகாரத்துல பவுல் மூணு விதமா நடந்துக்குறாரு. அன்னைக்கு வேண்டாம்னு சொன்ன மாற்குவ கூட்டிட்டு வா, பிரயோஜனமுள்ளவன்னு கேக்குறாரு. விசாரணையில தன்னைக் கைவிட்டவங்களுக்காக ‘அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக’ங்கிறாரு. தீமை செஞ்ச கன்னான் அலெக்சந்தர் விஷயத்துல மட்டும் நீயும் எச்சரிக்கையா இருன்னு தீமோத்தேயுக்கு சொல்றாரு. மன்னிச்சா திரும்பப் போய் ஒட்டிக்கணும்னு யாராவது வற்புறுத்துனா இந்த அதிகாரத்த காட்டுங்க, அதுவும் அடி உதை, மிரட்டல் நடந்த இடம்னா தள்ளி இருந்தே மன்னிக்கலாம்.

ஆராதனைக்கு போறத மட்டும் ரொம்ப நாள் நிறுத்தாதீங்க. அந்த சபையே உங்கள ஒதுக்குச்சுன்னா வேற சபைக்கு போங்க. யோவான் 9ல குணமான குருடன ஜெப ஆலயத்துலருந்து வெளிய தள்ளுனாங்க, அத கேள்விப்பட்டு இயேசுவே அவன போய் பாத்தாரு.

போன வருஷம் எங்க சபையில ஒரு பொண்ணுக்கும் இதே மாதிரி ரெண்டாவது ஓலை வரல. அன்னைக்கு நான் என் இடத்த விட்டு எழுந்து போய் அவ பக்கத்துல உக்காந்தேன், வசனம் எதுவும் சொல்லல, பாட்டுப் புஸ்தகத்த மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சுக்கிட்டோம்.